கம்பி எம்எம், கம்பி கிலோ: வீடு கட்டுறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

எனக்கு வர்ற போன்ல பாதி, கம்பி லாரி வாசல்ல வந்து நின்னதுக்கு அப்புறம்தான் வரும். "சார், லோடு வந்துருச்சு, எத்தனை பீஸ் இருக்கணும், எத்தனை கிலோ இருக்கணும், கையெழுத்து போட்டுடலாமா?" முந்தின நாள் கேட்டிருந்தா நிதானமா சொல்லியிருப்பேன், அப்ப யாரும் கேக்க மாட்டாங்க. நான் திருச்சி சுத்துவட்டாரத்துல வீடு கட்டுற வேலையில இருக்கேன், அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஒரு இரும்புக்கடை கவுண்டர்ல உக்காந்திருக்கேன், அதனால விக்கிறவங்க கணக்கும் தெரியும், வாங்குறவங்க கணக்கும் தெரியும். இதுவரைக்கும் கேட்ட கேள்விங்களை ஒரே இடத்துல போட்டுட்டேன்.

12 எம்எம் கம்பியை வெர்னியர் (விட்டம் அளக்குற கருவி) வெச்சு அளந்தா 12 வரவே மாட்டேங்குது, டூப்ளிகேட்டா?

இல்ல, வெர்னியர்ல வராது. கம்பி மேல வரி வரியா மேடு இருக்குல்ல, சிமெண்ட் கலவை பிடிச்சு நிக்கறதுக்காக போட்டது, அந்த மேட்டு மேல வெச்சு அளந்தா 13 காட்டும், மேட்டுக்கு நடுவுல பள்ளத்துல வெச்சா 11 சொச்சம் காட்டும். அப்ப எதைத்தான் 12னு சொல்றாங்க? நம்ம ஊர்ல கம்பிக்கான தரம் ஐ.எஸ். 1786. அதுப்படி, மீட்டருக்கு அதே எடை இருக்குற வழவழப்பான உருண்டைக் கம்பி ஒண்ணு இருந்தா அதோட விட்டம் என்னவோ அதுதான் அந்தக் கம்பியோட சைஸ். அதனால எம்எம்ங்கறது கூப்பிடுற பேரு மாதிரி, ஆள் யாருன்னு தராசுதான் சொல்லும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா கீழ இருக்குறதுல முக்காவாசி உங்களுக்கே வந்துடும்.

மீட்டருக்கு எத்தனை கிலோன்னு மனசுல போடுற மாதிரி கணக்கு இருக்கா?

இருக்கு. விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162ஆல வகுங்க, மீட்டருக்கு இத்தனை கிலோன்னு வந்துடும். 12 எம்எம்னா 12 × 12 = 144, 144 ÷ 162 = 0.889 கிலோ. அடிக்கணக்குல வேணும்னா 162க்கு பதிலா 533ஆல வகுத்தா போதும். இந்த 162 எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு தம்பி கேட்டாரு. இரும்பு ஒரு கன மீட்டர் 7850 கிலோ. வட்டத்தோட பரப்பு, அதாவது 3.14ங்கற பை எண்ணை நாலால வகுத்து விட்டத்தோட வர்க்கத்தால பெருக்குறது, அதை 7850ஆல பெருக்கி எம்எம்மை மீட்டராக்கினா 162ஆல வகுக்குற மாதிரி வந்து நிக்கும், வேற மந்திரம் ஒண்ணும் இல்ல.

அடிக்கடி வர்ற சைஸுக்கு கீழ போட்டிருக்கேன், முழுக் கம்பிங்கறது 12 மீட்டர்:

6 எம்எம்: மீட்டருக்கு 0.222 கிலோ
8 எம்எம்: மீட்டருக்கு 0.395 கிலோ, முழுக் கம்பி 4.74 கிலோ, டன்னுக்கு 211 கம்பி
10 எம்எம்: 0.617 கிலோ, முழுக் கம்பி 7.41, டன்னுக்கு 135
12 எம்எம்: 0.889 கிலோ, முழுக் கம்பி 10.67, டன்னுக்கு 94
16 எம்எம்: 1.58 கிலோ, முழுக் கம்பி 18.96, டன்னுக்கு 53
20 எம்எம்: 2.47 கிலோ, முழுக் கம்பி 29.63, டன்னுக்கு 34
25 எம்எம்: 3.86 கிலோ, முழுக் கம்பி 46.3, டன்னுக்கு 21, 22

28, 32, 36, 40 எல்லாம் பாலம், அடுக்குமாடி வேலைக்கு, நம்ம வீட்டுக்கு தேவைப்படாது. 32 எம்எம் முழுக் கம்பி ஒண்ணே 75 கிலோவுக்கு மேல, தனியாள் தூக்க முடியாது.

கடையில "40 அடி கம்பி"ன்னு சொல்றாங்க, அளந்தா 40 அடி இல்லையே?

12 மீட்டர்னா 39 அடி 4 இஞ்ச் சொச்சம்தான், வாய்ப்பேச்சுல 40னு ஆயிடுச்சு. எட்டு இஞ்ச் தானேன்னு விடலாம், ஆனா மேஸ்திரி பத்தடி துண்டு நாலு வரும்னு நினைச்சு வெட்ட ஆரம்பிச்சா நாலாவது துண்டு குட்டையா நிக்கும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு கம்பியை டேப் வெச்சு அளந்து பாத்துக்கங்க.

மேஸ்திரி மூணு நூல், நாலு நூல்னு லிஸ்ட் குடுக்குறாரு, கடையில எம்எம் கேக்குறாங்க.

ஒரு இஞ்சை எட்டா பிரிச்சா அதுல ஒரு பங்குதான் ஒரு நூல். ரெண்டு நூல் 6 எம்எம், ரெண்டரை நூல் 8, மூணு நூல் 10, நாலு நூல் 12, அஞ்சு நூல் 16, ஆறு நூல் 20, எட்டு நூல்னா ஒரு இஞ்ச், அதுக்கு 25. கச்சிதமா பொருந்தாது, நாலு நூல்னா கணக்குப்படி 12.7 எம்எம், ஆனா கடையில கிடைக்கறது 12தான். பழைய வீட்டுல நாலு நூல் போட்டோம், இதுலயும் அதே எண்ணிக்கை போட்டா போதும்னு யாராவது சொன்னா, கம்பிக்கு ஒரு பத்து சதவீதம் இரும்பு குறையுதுன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. அமெரிக்காவுல இன்னிக்கும் இதே கணக்குதான் ஓடுது, அங்க "நம்பர் 4 கம்பி"ன்னா நம்ம நாலு நூல், நம்பர் 5ன்னா அஞ்சு நூல். நம்ம பெரிய மேஸ்திரியை கொண்டுபோய் அங்க விட்டா பாஷை தெரியாமயே லிஸ்ட் போட்டுக் குடுத்துடுவாரு.

முறுக்குக் கம்பின்னு விளம்பரம் பண்றாங்க, கம்பில முறுக்கே காணோமே?

பேரு மட்டும் மிச்சம் இருக்கு. எழுபது, எண்பதுகள்ல கட்டின வீட்டை இடிக்கறப்ப ஸ்லாப்ல இருந்து வர்ற கம்பியைப் பாருங்க, ஈரத்துணியைப் பிழிஞ்ச மாதிரி நிஜமாவே முறுக்கி இருக்கும். அதுக்குப் பேரு டார் ஸ்டீல், சூடு இல்லாம அப்படியே முறுக்கித்தான் அதுக்கு பலம் ஏத்துனாங்க. இப்ப வர்றது டிஎம்டி. பழுக்கக் காய்ஞ்ச கம்பி ரோலிங் மில்லை விட்டு வெளிய வர்றப்பவே தண்ணியைப் பீய்ச்சி அடிப்பாங்க, மேல் தோல் டக்குனு குளிர்ந்து கெட்டியாயிடும், உள்ள இருக்குற சூடு மெதுவா வெளிய வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். அதனால வெளிய கெட்டி, உள்ள கொஞ்சம் மெது. வளைஞ்சு குடுக்கும், ஆனா லேசுல உடையாது. அந்த வெளித்தோல்லதான் இதோட பலமே இருக்கு, அதனால வளைய மாட்டேங்குதுன்னு நெருப்புல காட்டி வளைக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பெரிய கம்பியை கேஸ் கட்டர் வெச்சு சிவக்கக் காய்ச்சி வளைச்சவங்களை நானே தடுத்து நிறுத்தியிருக்கேன், "சும்மா ரெண்டு நிமிஷம்தானே சார்"னு கேட்டாங்க.

எடை போட்டா டேபிள்ல இருக்கறதை விட குறையுது, ஏமாத்துறாங்களா?

குறைஞ்சாலே ஏமாத்துன்னு சொல்லிட முடியாது. உருட்டி எடுக்குற சாமான், கொஞ்சம் ஏற இறங்கத்தான் இருக்கும், அதுக்கு ஐ.எஸ். 1786லயே இடம் விட்டிருக்காங்க. 10 எம்எம் வரைக்கும் 7 சதவீதம் கூடலாம் குறையலாம், அதுக்கு மேல 16 வரைக்கும் 5 சதவீதம், 16க்கு மேல 3 சதவீதம். இது மொத்த லாட்டுக்கு. தனியா ஒரு துண்டை எடுத்து எடை போட்டா இன்னும் ஒரு சதவீதம் கூடுதலா குறையலாம். அதுபடி பாத்தா 8 எம்எம் முழுக் கம்பி சராசரியா 4.41 கிலோவுக்கு கீழ போகக் கூடாது, 10 எம்எம் 6.89க்கு, 12 எம்எம் 10.13க்கு, 16 எம்எம் 18 கிலோவுக்கு, 20 எம்எம் 28.74க்கு. இதுக்கு கீழ வந்தா அது தரத்துல சேராத கம்பி, பேசாம திருப்பி அனுப்புங்க.

எல்லாக் கம்பெனிக்கும் இந்த இடைவெளி தெரியும். சிலர் நடுவுல ஓட்டுவாங்க, சிலர் எப்பவும் கீழ் ஓரத்தைத் தொட்டுக்கிட்டே ஓட்டுவாங்க. ரெண்டும் சட்டப்படி சரிதான், ஆனா உங்க பர்ஸுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல, அது அடுத்த கேள்வியில.

பீஸ் கணக்குல வாங்குறதா, எடை கணக்குல வாங்குறதா?

இதை கொஞ்சம் பொறுமையா படிங்க, கவுண்டர்ல உக்காந்தப்ப நான் கத்துக்கிட்டது இதான். உங்களுக்கு 12 எம்எம் 100 கம்பி வேணும், கிலோ 60 ரூபாய்னு வைங்க, இது கணக்குக்காக சொல்றது, ரேட் தினமும் மாறும். டேபிள்படி 100 கம்பி 1067 கிலோ. வந்த கம்பி 5 சதவீதம் லேசு, நிஜ எடை 1013 கிலோதான். எடை போட்டு பில் போட்டா 1013க்கு காசு குடுப்பீங்க. டேபிள் எடைக்கு பில் போட்டா 1067க்கு குடுப்பீங்க, இல்லாத 53 கிலோவுக்கு 3,200 ரூபாய் கிட்ட போயிடும், அது போக ஜிஎஸ்டி 18 சதவீதம். அதனால கடைக்காரர் "ரேட் கம்மி பண்ணித் தர்றேன், ஆனா பீஸ் கணக்கு"ன்னு சொன்னா உடனே சந்தோஷப்படாதீங்க, கம்பி எந்த எடையில ஓடுதுன்னு கேட்டுட்டு பிறகு வகுத்துப் பாருங்க.

அப்ப எடை கணக்குதான் நல்லதுன்னு முடிச்சுடலாமா? அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. நீங்க "ஒரு டன் 12 எம்எம்"னு ஆர்டர் போடுறீங்க, லேசான கம்பின்னா 98 பீஸ் வரும், கனமான கம்பின்னா 89 பீஸ்தான் வரும். சைட்ல கம்பி கட்டுறவர் கிலோ பாத்து கட்ட மாட்டாரு, பில்லருக்கு இத்தனை, ஆறு இஞ்சுக்கு ஒண்ணுன்னு எண்ணிக்கையிலதான் கட்டுவாரு. கனமா வந்தா கம்பி பத்தாம இன்னும் வாங்கணும், லேசா வந்தா கம்பி மிஞ்சும், ஆனா ஒவ்வொரு கம்பிலயும் இரும்பு கம்மி. நான் பண்றது என்னன்னா, ஆர்டர் பீஸ்ல போடுவேன், பில் எடையில வாங்குவேன், ரெண்டையும் வகுத்து ஒரு கம்பி எத்தனை கிலோன்னு பில்லுக்குப் பின்னாடியே எழுதி வெச்சுப்பேன்.

எடைமேடை சீட்டு இருந்தா போதும்ல?

சீட்டு இருக்கணும், கூடவே கண்ணும் இருக்கணும். ஒரு தடவை லாரியை லோடோட எடை போட்டோம், இறக்கிட்டு காலி வண்டியையும் எடை போட்டோம், கழிச்சா கணக்கு அழகா வந்துச்சு, பீஸ் எண்ணி பெருக்கிப் பாத்தா மட்டும் அம்பது கிலோவுக்கு மேல உதைக்குது. ரொம்ப நேரம் மண்டையைப் பிச்சுக்கிட்டு அப்புறம்தான் புரிஞ்சுது, லோடோட எடை போட்டப்ப கிளீனர் பையன் கேபின்ல தூங்கிட்டு இருந்தான், காலி வண்டி எடை போட்டப்ப டீ குடிக்கப் போயிருந்தான். அவனையும் கம்பி விலைக்கு வாங்கியிருக்கோம். வேணும்னு பண்ணாங்களா தற்செயலான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுல இருந்து ரெண்டு எடைக்கும் வண்டில அதே ஆளுங்க, அதே தார்ப்பாய், அதே ஸ்டெப்னி இருக்கான்னு பாக்குறேன், முடிஞ்சா எடைமேடையை கடைக்காரர் சொல்ற இடத்துல இல்லாம நாமளே தேர்ந்தெடுக்கறது இன்னும் நல்லது.

வீட்டுலயே டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும், லேப் எதுவும் வேண்டாம், ஆக்ஸா பிளேடும் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசும் போதும். வேற வேற கட்டுல இருந்து மூணு கம்பி எடுத்து ஒவ்வொண்ணுலயும் சரியா ஒரு மீட்டர் வெட்டுங்க, ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய ஆனா எடையும் ஒரு சதவீதம் தப்பாயிடும், அதனால நுனி நேரா இருக்கணும். 8 எம்எம்னா 395 கிராம் வரணும், 363க்கு கீழ போகக் கூடாது. 10 எம்எம் 617 கிராம், கீழ் எல்லை 568. 12 எம்எம் 889, கீழ் எல்லை 836. 16 எம்எம் 1580, கீழ் எல்லை 1485. வெட்டின துண்டு வீண் போகாது, மேல் கம்பியைத் தாங்கி நிக்கற சேர் கம்பிக்கு வளைச்சுக்கலாம்.

மணப்பாறை பக்கம் ஒரு வீட்டுல ரிங்குக்கு, அதாவது நெட்டுக்கம்பிங்களைச் சுத்திக் கட்டுற வளையத்துக்கு, வந்த 8 எம்எம் கையில பிடிச்சா லேசா தெரிஞ்சுது. ஒரு மீட்டர் வெட்டி பக்கத்து மளிகைக் கடையில வெச்சோம், 305 கிராம். 7 × 7 = 49, அதை 162ஆல வகுத்தா 0.302. ஏழு எம்எம் கம்பியை எட்டுன்னு இறக்கியிருக்காங்க. ஒரு எம்எம் தானேன்னு தோணும், ஆனா இரும்புல கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. கடைக்காரர்கிட்ட சொன்னப்ப "மாத்தி அனுப்பிட்டாங்கண்ணே"ன்னு மறுநாளே எடுத்துக்கிட்டாரு, ஏற்கனவே வளைச்ச நாப்பது ரிங்குக்கு மட்டும் பேச்சு ஒரு வாரம் இழுத்துச்சு. இதே மாதிரி 6 எம்எம்க்கு பதிலா 5.5 வரும், அதுலயும் 16 சதவீதம் குறையும்.

20 எம்எம் கிடைக்கல, அதுக்கு பதிலா ரெண்டு 10 எம்எம் போட்டா சரியாப் போச்சா?

ஐயோ, போடாதீங்க. பத்து இஞ்ச் தோசை ரெண்டை சேத்தா இருபது இஞ்ச் தோசை ஆகுமா? மாவு நாலு மடங்கு வேணும். கம்பியும் அப்படித்தான், விட்டம் ரெண்டு மடங்கானா பரப்பு நாலு மடங்கு. 20 எம்எம் ஒண்ணுக்கு 314 சதுர எம்எம், 10 எம்எம்க்கு 78.5, அதனால நாலு 10 எம்எம் போட்டாதான் ஒரு இருபதுக்கு சமம். அதே மாதிரி 16க்கு பதிலா 8 போட்டா நாலு வேணும். 16க்கு பதிலா 12னா ரெண்டு போட்டா போதும், 113 × 2 = 226, பதினாறுக்கு 201தான். எங்க சொந்தக்காரர் வீட்டு போர்ட்டிகோ பீம்ல அடியில மூணு 16க்கு பதிலா ஆறு 8ஐ வெச்சு கட்டியிருந்தாங்க, "கம்பி ஜாஸ்திதானே இருக்கு மாப்ள, ஆறு இருக்கு பாரு"ன்னு பெருமையா காட்டுனாரு. எண்ணிக்கை ஜாஸ்தி, இரும்பு பாதி. நல்லவேளை கான்கிரீட் போடலை. சமமா வந்தா கூட இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது, நாலு கம்பியை நெருக்கி அடுக்கினா நடுவுல ஜல்லி இறங்காது, இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.

பில்லருக்கு 12 போதுமா, 16 வேணுமா?

டிராயிங் இருந்தா டிராயிங் சொல்றதுதான். கான்கிரீட் வேலைக்கான தரம் ஐ.எஸ். 456, அது சொல்ற குறைஞ்சபட்சம் என்னன்னா, பில்லர்ல 12 எம்எம்க்கு கீழ நெட்டுக்கம்பி கூடாது, சதுர பில்லர்னா நாலு கம்பியாவது, வட்ட பில்லர்னா ஆறாவது இருக்கணும், மொத்த இரும்பு பில்லர் பரப்புல 0.8 சதவீதத்துக்கு குறையக் கூடாது. 9 இஞ்சுக்கு 9 இஞ்ச் பில்லர்னா 423 சதுர எம்எம் வேணும், நாலு 12 போட்டா 452, தப்பிச்சோம். ஆனா 9க்கு 12 பில்லர்ல அதே நாலு 12 போடுறாங்க பாருங்க, அங்க 550 வேணும், பத்தாது. ஆறு 12 போடணும், இல்லனா நாலு 16. பில்லரைப் பெருசாக்கினா பலம்னு நினைச்சு கம்பியை அப்படியே விடுற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. என்னைக் கேட்டா 9க்கு 9 பில்லரே ரெண்டு மாடி வீட்டுக்கு வேண்டாம்பேன்.

ரிங் 6 எம்எம் போதும்னு மேஸ்திரி சொல்றாரே?

ஐ.எஸ். 456 படி 6 எம்எம்மும், நெட்டுக்கம்பி விட்டத்துல கால் பங்கும், ரெண்டுல எது பெருசோ அது. ஆனா பூகம்பத்துக்கான ஐ.எஸ். 13920 படி 8 எம்எம், அதோட ரிங் முனையை 135 டிகிரி உள்பக்கமா மடக்கணும். பொதுவா பண்றது 90 டிகிரிதான், குலுங்குனா பெட்டி மூடி மாதிரி வாய் திறந்துக்கும். 8 எம்எம் போடுறதுக்கு ஆகுற செலவை நீங்களே பாருங்க: 9க்கு 9 பில்லர்ல 40 எம்எம் கவர் (கம்பிக்கு வெளிய மூடுற கான்கிரீட் கனம்) விட்டா ரிங் ஆறு இஞ்ச் சதுரம், மடிப்போட சேத்து கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர், எடை 280 கிராம் சுமார். பத்தடி பில்லர்ல ஆறு இஞ்சுக்கு ஒண்ணுன்னா 21 ரிங், ஆறு கிலோ கூட வராது. 6 எம்எம்னா மூணே கால் கிலோ. பில்லருக்கு ரெண்டரை கிலோ வித்தியாசம், அதுக்குப் போய் யோசிக்காதீங்க.

ரூஃப் ஸ்லாபுக்கு கம்பி எப்படி கணக்கு பண்றது?

ஒரு ரூமை வெச்சே போட்டுடலாம். உள் அளவு 12 அடிக்கு 10 அடி, சுவர் மேல உக்காருறதையும் சேத்து 4 மீட்டருக்கு 3.4 மீட்டர்னு வைங்க, ரெண்டு பக்கமும் 8 எம்எம் ஆறு இஞ்சுக்கு ஒண்ணு. குறுக்க போற கம்பி 3.4 மீட்டர் நீளத்துல 28, நெடுக்க போறது 4 மீட்டர் நீளத்துல 24. கூட்டுனா 191 மீட்டர், 0.395ஆல பெருக்கினா 75 கிலோ சொச்சம், 16 முழுக் கம்பி. பேப்பர்ல இதான் வரும், சைட்ல வராது. ஏன்னா 12 மீட்டர் கம்பில 4 மீட்டர் துண்டு கச்சிதமா மூணு வரும், 24க்கு எட்டு கம்பி, வேஸ்ட்டே இல்ல. ஆனா 3.4 மீட்டர் துண்டும் மூணுதான் வரும், 1.8 மீட்டர் மிஞ்சும், 28க்கு பத்து கம்பி உடைக்கணும். ஆக 18 கம்பி, 85 கிலோ. மிஞ்சுன 1.8 மீட்டர் துண்டுங்களை சுவர் ஓரத்துல மேல் கம்பியா போட்டுக்கலாம், விவரமான ஆளா இருந்தா அவரே போட்டுடுவாரு, இல்லனா அது மூலையில துருப்பிடிச்சு கிடக்கும்.

ஸ்லாப் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு 16 எம்எம் போடச் சொன்னவங்களும் உண்டு. ஸ்லாப் கனத்துல எட்டுல ஒரு பங்குக்கு மேல கம்பி விட்டம் போகக் கூடாது, அஞ்சு இஞ்ச் ஸ்லாப்னா 15.6 எம்எம்தான் எல்லை. தடிமனா தூரம் தூரமா போடுறதை விட ஒல்லியா நெருக்கமா போட்டாதான் ஸ்லாப்ல வெடிப்பு வராது.

1000 சதுரடி வீட்டுக்கு எத்தனை டன் வாங்கணும்?

பில்லர், பீம் போட்டுக் கட்டுற வீட்டுக்கு சதுரடிக்கு மூணரை கிலோவுல இருந்து நாலரை கிலோ, ஆக மூணரை டன்ல இருந்து நாலரை டன். இது கடன் வாங்கறதுக்கும் பட்ஜெட் போடுறதுக்கும்தான், ஆர்டர் போடுறதுக்கு இல்ல. களிமண் பூமின்னா அஸ்திவாரத்துலயே கம்பி ஏறிடும், மேல மாடி எடுக்குற யோசனை இருந்தாலும் ஏறும். மொத்தத்தையும் ஒரே தடவையில வாங்கி அடுக்காதீங்க, அஸ்திவாரத்துக்கு, பில்லருக்கு, ரூஃபுக்குன்னு பிரிச்சு வாங்குங்க, மழைக்காலம்னா கட்டை வெச்சு தரையில படாம மேல தூக்கி வைங்க.

எஃப்இ 500, 500டி, 550ன்னா கம்பி கனம் மாறுமா?

மாறாது, 12 எம்எம்னா எல்லா கிரேடும் மீட்டருக்கு 889 கிராம்தான். மாறுறது பலமும் இழுவையும். 500ங்கற நம்பர் ஒரு சதுர எம்எம் எத்தனை நியூட்டன் தாங்கின பிறகு திரும்ப முடியாம நீள ஆரம்பிக்கும்ங்கறது. உடையறதுக்கு முன்னாடி எத்தனை சதவீதம் நீளும்ங்கறதுலதான் டி எழுத்து வருது: 500க்கு குறைஞ்சது 12 சதவீதம், 500டிக்கு 16, 550க்கு 10, 550டிக்கு 14.5. டி போட்டதுல கந்தகமும் பாஸ்பரஸும் கம்மியா இருக்கணும்னும் விதி. வீட்டுக்கு 500டி போதும்ங்கறது என் அபிப்ராயம், 550 வாங்கிட்டு 500 கணக்குல போட்ட டிராயிங்லயே கட்டுறதுல ஒரு லாபமும் இல்ல. கம்பி மேலயே பிராண்ட் பேரும் கிரேடும் உருட்டி எழுதியிருக்கும், கட்டுல தொங்குற டேக்ல ஐஎஸ்ஐ முத்திரைக்கு கீழ சிஎம்/எல் நம்பர் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்தக் கம்பெனி லைசென்ஸ், இன்னும் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுடும். அப்புறம் "சேலம் ஸ்டீல் கம்பி குடுங்க"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு தகவல், சேலத்துல இருக்குற செயில் ஆலை எவர்சில்வர் தகடுக்குத்தான் பேர் போனது.

ஓவர்லேப் எவ்வளவு விடணும், அது எடையில எவ்வளவு ஏறும்?

ஒரு கம்பி முடிஞ்சு அடுத்த கம்பியை சேக்குற இடத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சேந்து ஓடுற நீளம்தான் ஓவர்லேப். சைட் கணக்கு விட்டத்தைப் போல 50 மடங்கு, 12 எம்எம்னா ரெண்டு அடி, 16னா ரெண்டே முக்கால் அடி கிட்ட. கணக்கு பாத்தா எம்25 கான்கிரீட் (எம் நம்பர் கான்கிரீட்டோட பலத்தைச் சொல்றது), எஃப்இ 500 கம்பிக்கு இது சரியா வரும், எம்20ன்னா 57 மடங்கு வேணும். பத்து பில்லர், பில்லருக்கு ஆறு 16 எம்எம்னா ஒரு மாடிக்கு ஓவர்லேப்ல மட்டும் 75 கிலோ போகும், எஸ்டிமேட்ல இதை விட்டுட்டுதான் கடைசியில "கம்பி பத்தல"ன்னு ஓடுவாங்க. எல்லா ஜாயிண்டும் ஒரே மட்டத்துல வராம மாத்தி மாத்தி விடச் சொல்லுங்க.

கம்பி துருப்பிடிச்சுருச்சு, எடை குறையுமா, போடலாமா?

செம்மண் தூள் மாதிரி மேலாப்புல படிஞ்சிருந்தா ஒண்ணும் ஆகாது, போடலாம். அப்பளம் மாதிரி செதில் செதிலா உதிருதுன்னா வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்க, மேல சொன்ன கீழ் எல்லைக்கு மேல இருந்தா கட்டுங்க, இல்லனா கழிச்சுடுங்க. துருவுக்கு பயந்து கோட்டிங் கம்பிக்கு அதிகம் செலவு பண்றவங்க, கவர் பிளாக் வைக்க மறந்துடறாங்க. பில்லருக்கு 40 எம்எம், அஸ்திவாரத்துக்கு 50, ஸ்லாபுக்கு குறைஞ்சது 20 எம்எம் கான்கிரீட் மூடி இருந்தாதான் கம்பி பிழைக்கும். கடலோரம்னா இது இன்னும் கூடணும், உப்புத் தண்ணி போர் போட்டிருந்தா கலவைக்கு அந்தத் தண்ணி வேண்டாம், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் எல்லை.

பண்டல்னா எத்தனை கம்பி?

வழக்கமா 8 எம்எம் 10 கம்பி, 10 எம்எம் 7, 12 எம்எம் 5, 16 எம்எம் 3, 20 எம்எம் 2. கம்பெனிக்கு கம்பெனி மாறும். ஒரு கட்டு ஒரு ஆள், ரெண்டு ஆள் தூக்குற மாதிரி 50, 60 கிலோ வரணும்னு கட்டுறது, அவ்ளோதான். கட்டை எண்ணாதீங்க, பிரிச்சு கம்பியை எண்ணுங்க.

கட்டுக்கம்பி எவ்வளவு வாங்கணும், மிஞ்சுற துண்டு யாருக்கு?

கம்பிங்களை ஒண்ணோட ஒண்ணு கட்டுற மெல்லிசு கம்பிதான் கட்டுக்கம்பி, டன்னுக்கு எட்டுல இருந்து பத்து கிலோ ஆகும், நனைஞ்சா மொடமொடன்னு ஒடியும், வீட்டுக்குள்ள வைங்க. துண்டு விஷயத்தை வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, சில இடத்துல கம்பி கட்டுறவருக்குன்னு வழக்கம், சில இடத்துல வீட்டுக்காரருக்கு. அவருக்குன்னு பேசிட்டா துண்டு கொஞ்சம் நீளமாவே விழும், பாத்துக்கங்க. நூறுக்கு மூணு, நாலு கிலோ துண்டு விழுறது சகஜம், அதுக்கு மேல போனா வெட்டுற லிஸ்டை வாங்கிப் பாருங்க. உங்களுக்குன்னு வந்தா ஒரு அடிக்கு மேல இருக்குறதெல்லாம் சன்ஷேடு, கிச்சன் மேடை, செப்டிக் டேங்க் மூடிக்கு ஆகும்னு தனியா எடுத்து வைங்க, மிச்சத்தைத்தான் பழைய இரும்புக்குப் போடணும். அந்தக் காலத்துல பேரீச்சம்பழம் குடுத்து எடுத்துட்டுப் போவாங்க, இப்ப காசா குடுக்குறாங்க, அந்த ஆள் கொண்டு வர்ற தராசுல முதல்ல நீங்க வெட்டி வெச்ச அந்த ஒரு மீட்டர் துண்டை வெச்சுப் பாருங்க.